மொழி ஆய்வகம் – ஒரு செட்

கல்லூரிகளின் ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சரிபார்க்கும் வேலை என் பணிக்காலத்தில் சில ஆண்டுகள் என் தலையில் விழுந்தது. நாற்காலி, மேசை, பீரோ, மின்விசிறி என்று வரிசையாக வரும். ஒரு கல்லூரியில் அந்த வரிசையில் ‘மொழி ஆய்வகம் – 1 செட்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஹெட்போன், டேப் ரிக்கார்டர், மரத்தடுப்பு என்று உருப்படிகள். எண்ணிப் பார்த்தோம். கணக்கு சரியாக இருந்தது. டிக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனோம். அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எதையாவது கற்றார்களா என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் கலமே கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு கையில் நேரம் இருந்ததால், அந்த இல்லாத கலத்தை உலகத்தில் வேறு யாராவது நிரப்பிப் பார்த்திருக்கிறார்களா என்று தேடிப் படித்தேன். பார்த்திருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். அதில் கிடைத்த விடை இயந்திரம் விற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் நம் ஊர் வரைக்கும் அது வந்து சேரவில்லையோ என்னவோ. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஆசிரியர் இல்லாமல் தானே மொழி கற்பது பழைய ஆசை. அதற்கு இயந்திரத்தைத் துணைக்கு அழைத்ததும் பழைய கதைதான். லண்டனில் 1901-இல் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம் கிராமபோன் தட்டில் பாடத்தைப் பதிந்து விற்றது. பிரான்சில் 1929-இல் அசிமில் என்ற பதிப்பகம் ‘வருத்தமில்லாமல் ஆங்கிலம்’ என்ற பொருள்படும் தலைப்பில் முதல் புத்தகத்தைப் போட்டது. பிறகு அதற்கும் இசைத்தட்டு வந்தது. நம் பக்கம் அவ்வளவு வசதி ஏது? காந்திபுரம் பஸ் நிலையத்தில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஏறி, சீட்டுக்கு ஒரு புத்தகமாக மடியில் போட்டுக்கொண்டே போவார்களே, முப்பது நாளில் இந்தி, முப்பது நாளில் ஆங்கிலம் என்று, அதுதான் நமது சுயகற்றல் மையம். அன்னூர் போவதற்குள் எழுத்துக்களைக் கற்றுவிடலாம் என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

டேப் ரிக்கார்டர் வந்த பிறகுதான் மொழிக்காரர்களுக்கு உண்மையான உற்சாகம் பிறந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுக் கதையை மூலத்திலேயே படிக்க முடிந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 1950-களில் ஜார்ஜ் குகெனைம் என்ற மொழியியலாளர் தலைமையில் ஒரு குழு, சாதாரண மக்கள் பேசுவதை டேப்பில் பதிவு செய்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் பதிவாயின. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிதாகக் கற்பவருக்கு எது முதலில் வேண்டும் என்று பட்டியல் போடுவது திட்டம். எண்ணியும் விட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் சாப்பிடும் முள்கரண்டிக்கான சொல் அதில் மேலே வரவில்லை! தினமும் மூன்று வேளை கையில் பிடிக்கிற பொருள். ஆனால் பேச்சில் அதன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை எப்போதோதான் வருகிறது. நம் வீட்டில் கரண்டியைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேசுகிறோம்? தேடும்போது மட்டும்தானே.

அந்தக் குழு நல்ல குழு. இயந்திரம் எண்ணியது போதாது என்று உடனே புரிந்துகொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். சமையலறை, உடை, வண்டி வாகனம் என்று தலைப்புக் கொடுத்து மனதில் வரும் பெயர்களையெல்லாம் பிள்ளைகளை எழுதச் சொன்னார்கள். முள்கரண்டி வந்துவிட்டது. தேவைப்படும்போது கைக்கு எட்டும் சொற்கள் என்று அவற்றுக்குத் தனிப் பெயரும் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் 1475 சொற்கள் அடங்கிய அடிப்படைப் பிரெஞ்சு முதல் படிநிலைப் பட்டியல் உருவானது. அந்தப் பட்டியலை வைத்து சேன்-குளூ கல்லூரிக்காரர்களும் ஜாக்ரெபிலிருந்து வந்த பீட்டர் குபெரினாவும் சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் படச்சுருளும் டேப்பும் சேர்ந்த ஒரு பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். திரையில் படம், காதில் குரல். உலகமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த இடங்களுக்கு அது போனது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அங்கே பெரிய பதற்றம். அறிவியலிலும் அந்நிய மொழியிலும் பின்தங்கிவிட்டோம் என்று அடுத்த வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஒன்றைப் போட்டார்கள். அந்தப் பணத்தில் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் மொழி ஆய்வகம் வந்தது. மரத்தடுப்பு, ஹெட்போன், மைக், நடுவில் ஆசிரியர் மேசை. நம் கல்லூரிப் பதிவேட்டில் நான் எண்ணிய ‘1 செட்’டின் தாத்தா அதுதான். ஒதுக்கிய பணத்தை மார்ச் மாதத்துக்குள் செலவு செய்தாக வேண்டும் என்ற அவசரம் எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் உண்டு போலிருக்கிறது.

ஆனால் அங்கே ஒருவர் கேள்வி கேட்டார். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் கீட்டிங். நியூயார்க் சுற்றுவட்டாரத்தில் 21 பள்ளி மாவட்டங்களில் பிரெஞ்சு படித்த சுமார் 5000 மாணவர்களைச் சோதித்து 1963-இல் அறிக்கை கொடுத்தார். ஆய்வகத்தில் பயின்றவர்களையும் ஆய்வகம் இல்லாமல் பயின்றவர்களையும் ஒப்பிட்டார். ஆய்வகம் இல்லாதவர்களே பெரும்பாலும் மேலே இருந்தார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் மட்டுமல்ல, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதிலும்! ஆய்வகப் பிள்ளைகள் முந்தியது முதல் வருடத்தில் உச்சரித்துப் பேசுவதில் மட்டும்தான்.

பெரிய சண்டை மூண்டது. ஆய்வகத்தை ஆதரித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்தப் பள்ளியில் எப்படிப் பயன்படுத்தினார்கள், எவ்வளவு நேரம், டேப்பில் என்ன பாடம் என்று பார்க்காமல், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் எப்படி என்றார்கள். வாரத்துக்கு ஒரு தடவை கடனே என்று கூட்டிப்போய் உட்கார வைத்தால் எந்த ஆய்வகமும் தோற்கும்தான். அதற்கு அடுத்த ஆண்டு நியூயார்க் நகரப் பள்ளிகளில் சாரா லார்ஜ் என்பவர் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. தினமும் சிறிது நேரம், தன் குரலைத் தானே பதிந்து கேட்கும் வசதியோடு பயன்படுத்தியவர்களுக்குப் பேச்சில் பலன் தெரிந்தது. வாரம் ஒருமுறை போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிறகு பென்சில்வேனியா மாநிலத்தில் பிலிப் ஸ்மித் என்பவர் தலைமையில் 1965-இலிருந்து நான்கு வருடம் பெரிய சோதனை. பிரெஞ்சும் ஜெர்மனும் படித்த 2000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், 100-க்கும் மேற்பட்ட வகுப்புகள். வாரம் இரண்டு முறை ஆய்வகத்துக்குப் போனதால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பழைய முறையில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் படித்தவர்கள் வாசிப்பில் மேலே இருந்தார்கள். கேட்பதிலும் பேசுவதிலும் புதிய முறைக்காரர்களுக்குக் குறைந்தவர்களாகவும் இல்லை. 1969-இல் மொழியாசிரியர்களின் பெரிய பத்திரிகை ஒன்று அந்த அறிக்கையைப் பிரித்து மேய்வதற்கென்றே ஓர் இதழை ஒதுக்கியது. அதற்குள் பல பள்ளிகளில் ஹெட்போன் வயர் அறுந்து தொங்க ஆரம்பித்திருந்தது என்பது வேறு விஷயம்.

எழுத்தர் புத்திக்கு இந்த ஆய்வுகளில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் இயந்திரத்தையே ஒரு மருந்து மாத்திரை மாதிரி வைத்துப் பார்த்தார்கள். கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறதா, இல்லையா. கற்கிறவர் எதற்காகக் கற்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் பிரான்சின் கிழக்கு மூலையில், நான்சி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். இவ் ஷாலோன் என்பவர் 1960-களின் இறுதியில் அங்கே கிராப்பெல் என்ற மொழி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அவர் 1972-லேயே இறந்துவிட்டார். பிறகு அதை நடத்தியவர் ஆன்றி ஒலெக். அங்கே வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல. வேலைக்குப் போகும் பெரியவர்கள். ஒருவருக்கு இயந்திரத்தின் கையேட்டை ஆங்கிலத்தில் படித்தால் போதும். இன்னொருவருக்கு டெலிபோனில் பேச வேண்டும். இவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்து என்ன செய்வது? அதனால் டேப்புகளும் நூல்களும் நிறைந்த ஓர் அறை, கூடவே ஓர் உதவியாளர் என்று ஏற்பாடு செய்தார்கள்.

அந்த உதவியாளர் பாடம் நடத்தமாட்டார். அதுதான் விசேஷம். அவ்வப்போது சந்தித்து, உங்களுக்கு என்ன வேண்டும், இந்த வாரம் எந்த டேப்பைக் கேட்டீர்கள், அது உதவியதா, எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரோடு பேசிப் பார்க்கவும் வழி செய்வார்கள். ஒலெக் 1979-இல் ஐரோப்பிய மன்றத்துக்காக ஒரு சிறு நூல் எழுதினார். தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் ஆற்றல் என்று கற்போரின் தன்னாட்சிக்கு அதில் விளக்கம் கொடுத்தார். எதைக் கற்பது, எந்த வேகத்தில், எதை வைத்து, கடைசியில் கற்றோமா இல்லையா என்று எப்படி மதிப்பிடுவது – இவ்வளவையும் கற்பவரே முடிவு செய்ய வேண்டும். இந்த ஆற்றல் பிறவியிலேயே வந்துவிடாது, பழக வேண்டும் என்பதையும் அவர் மறக்காமல் எழுதினார். மெல்லிய நூல்தான். ஆனால் நான் படித்ததிலேயே உருப்படியானது.

உலகம் முழுக்கப் பிறகு வந்த சுயகற்றல் மையங்கள் பலவும் இந்த நான்சி மையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வந்தன. ஆனால் அறையைக் கட்டுவதும் இயந்திரம் வாங்குவதும் எளிது; உதவியாளர் பதவி ஒன்றை உருவாக்கி நிரப்புவது கடினம். அரசு வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் ஒருமுறைச் செலவு. ஆள் என்றால் சம்பளம், படி, ஓய்வூதியம்.

மதிப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் வந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகங்களில் இத்தகைய மையங்களை ஆராய்ந்து 1999-இல் நூல் எழுதிய டேவிட் கார்ட்னர், லிண்ட்சே மில்லர் போன்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் இது. வகுப்பென்றால் எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைக்கலாம். இங்கே ஒவ்வொருவரின் நோக்கமும் வேறு. ஒருவர் நாலு நாள் வந்துவிட்டு நின்றுவிட்டார் என்றால், அவர் தோற்றுப் போனாரா, அல்லது தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று போய்விட்டாரா? வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெறும் கோடு.

இந்தியாவுக்கு வருவோம். மைசூரில் 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கியது. அதன் கீழ் வந்த தென்மண்டல மொழி மையத்தில் வெளிமாநில ஆசிரியர்கள் வந்து தங்கி, பத்து மாதப் பயிற்சியில் தமிழோ, கன்னடமோ, வேறொரு தென்னிந்திய மொழியோ கற்றார்கள். அங்கே மொழி ஆய்வகம் உண்டு. இருந்தும், தமிழ் கற்பவர்களைத் தமிழ்நாட்டுக்கும் கன்னடம் கற்பவர்களைக் கன்னட ஊர்களுக்கும் மொழிச்சூழல் பயணம் என்று கூட்டிப் போவார்கள். கடைக்குப் போ, விலை கேள், வழி கேள். ஹெட்போனில் இல்லாதது கடைவீதியில்தான் இருக்கிறது என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. பாராட்ட வேண்டும்.

மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த நண்பர்களிடம் கேட்டால் இந்தி வகுப்புக் கதை சொல்வார்கள். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் பிரபோத், பிரவீண், பிராக்யா என்ற மூன்று படிப் பரீட்சைகளும், தேறினால் ஒரு வருடத்துக்கு ஓர் இன்கிரிமெண்ட் அளவு கூடுதல் பணமும் உண்டு. பிறகு புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் ‘லீலா’ என்ற கணினிப் பாடத்தை அதே மூன்று படிகளுக்கும் உருவாக்கியது. தமிழ் வழியாகவே இந்தி கற்கலாம், எழுத்தை எப்படி இழுத்து எழுதுவது என்று திரையில் காட்டும், உச்சரிப்பைக் கேட்கலாம். கருவி நன்றாகத்தான் இருந்தது. என் நண்பர் ஒருவர் மூன்று படியும் தேறினார். பன்னிரண்டு மாத இன்கிரிமெண்டும் வாங்கினார். பதின்மூன்றாம் மாதம் அவரிடம் ஒரு வாக்கியம் பேசச் சொன்னேன். “விடுங்க சார், அதெல்லாம் போன வருஷம்” என்றார். எந்த அறிக்கையிலும் அவர் வெற்றிதான்.

இந்த வரலாற்றில் நமது கொங்கு மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் 1929-இல் பிறந்த வா.செ. குழந்தைசாமி, நீர்வளப் பொறியியலில் உலகம் அறிந்த ஆள். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதியவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்துவிட்டு, 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் நடத்தினார். ஆசிரியர் எதிரில் இல்லாமல் படிப்பவர்களின் கஷ்டம் என்ன என்று அந்த நான்கு வருடத்தில் நேரில் பார்த்தவர். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் பிறந்த திட்டம், அவர் தலைமையில் வளர்ந்து, 17.2.2001 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

உலகில் எங்கிருந்தாலும் ஒரு தமிழ்ப் பிள்ளை தானே உட்கார்ந்து தமிழ் கற்கலாம் என்பது நோக்கம். மழலைப் பாடம், பாட்டு, கதை, சான்றிதழ்ப் படிப்பு, மேலே போகப் போகப் பட்டம் வரை. பலருக்கும் வீட்டில் இணையமே இல்லாத காலம் அது. யூனிகோடு பரவாததால் எழுத்துருவை இறக்கிப் பொருத்தினால்தான் தமிழே தெரியும், இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகளாக வரும். அந்தத் தொல்லை இங்கே தீரத் தொடங்கியது நமது கோயம்புத்தூரில் என்று சொன்னால் மிகையில்லை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. யூனிகோடைத் தமிழக அரசு ஏற்ற ஆணையும் அந்த மாநாட்டை ஒட்டித்தான் வந்தது. ஊரே திருவிழாக் கோலம். இணையக் கண்காட்சியில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அசந்து போனேன்.

குழந்தைசாமியின் எழுத்துச் சீரமைப்புக் கருத்து எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சில் ஒலிக்காத எழுத்துகளையெல்லாம் சேர்த்து எழுதிப் பழகியவனுக்குத் தமிழின் உகர வரிசை பெரிய சுமையாகத் தெரியவில்லை. ஆனால் இந்த இணையப் படிப்பில் அவரது குழுவினர் செய்த ஓர் ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். எல்லாம் கணினியில் இருந்தாலும் வெளிநாடுகளில் தொடர்பு மையங்கள் வைத்தார்கள். பெரும்பாலும் அங்குள்ள தமிழ்ச் சங்கமோ தமிழ்ப் பள்ளியோதான். பிள்ளை சேரவும், பரீட்சை எழுதவும், சந்தேகம் கேட்கவும் அங்கே ஒரு மனிதர் இருப்பார். நான்சியில் உதவியாளர் என்று சொன்னதன் தமிழ் வடிவம் இது. சனிக்கிழமை காலையில் தன் சொந்தக் காரில் வந்து, சம்பளம் இல்லாமல், யார் பிள்ளைக்கோ ழகரம் சொல்லிக் கொடுக்கும் அந்த அத்தையும் மாமாவும் இல்லாவிட்டால், இணையப் பக்கத்தை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பார்த்தவர் எண்ணிக்கைக்கும் கற்றவர் எண்ணிக்கைக்கும் உள்ள தூரத்தை நம் ஊரிலேயே பார்க்கலாம். கோவையைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் பொறியியல் கல்லூரி. இங்கே படிக்க வருகிறவர்களில் பலர் அந்தியூர், தாராபுரம், பல்லடம் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள்; வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் கணக்கும் தொழில்நுட்பமும் தாண்டி வந்துவிடுவார்கள். குரூப் டிஸ்கஷன் என்று எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைக்கும் இடத்தில் வாய் திறக்காமல் வெளியே வருவார்கள். தோட்டத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்த அப்பா வாசலில் நிற்பார். அதனால்தான் கல்லூரிதோறும் ஏசி போட்ட மொழி ஆய்வகம். இப்போது மரத்தடுப்பு போய்க் கணினி வந்துவிட்டது, ஹெட்போன் அப்படியே இருக்கிறது.

என் தங்கையின் பேத்தி படித்த ஒரு கல்லூரியில் அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மென்பொருளில் ஓர் அமெரிக்கக் குரல் விமான நிலையத்தில் பெட்டி தொலைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. “இதைக் கேட்டு என்னம்மா செய்வீங்க?” என்றேன். “கேட்டுட்டு கீழ இருக்கிற கேள்விக்கு டிக் போடணும் தாத்தா. ரெக்கார்டு நோட்டு கரெக்டா இருந்தா மார்க் வந்துரும்” என்றாள். எனக்கு என் பழைய ஸ்டாக் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.

அவளே இன்னொன்றும் சொன்னாள். கோபிப் பக்கத்திலிருந்து வந்த அவளுடைய விடுதித் தோழி ஒருத்தி, சனிக்கிழமைகளில் அந்த அறைக்குத் தனியாகப் போவாளாம். மென்பொருளைத் தொடவே மாட்டாள். தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவாள், கேட்பாள், அழிப்பாள், மறுபடி பேசுவாள். அந்த அறையைத் திறந்து வைக்கும் ஆய்வக உதவியாளர் அம்மாள் அவளோடு உட்கார்ந்து, “இங்க ஏன் நின்னுட்ட? தமிழ்ல சொல்லு, என்ன சொல்ல வந்த?” என்று கேட்பாராம். பாடம் எதுவும் நடத்தவில்லை. கேட்டார், அவ்வளவுதான். மூன்றாம் வருட முடிவில் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. ஒரு பெண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தினமும் தன் குரலைப் பதிந்து கேட்டவர்கள் பற்றி 1964-இல் நியூயார்க்கில் எழுதியதும், உதவியாளர் பற்றி 1979-இல் ஒலெக் எழுதியதும் இவளிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கல்லூரிக்கு ஆய்வுக்கு வருகிற குழு எண்ணுவது கணினியையும் மென்பொருள் உரிமத்தையும்தான். சனிக்கிழமை சாவி யாரிடம் இருக்கிறது, அவர் உள்ளே என்ன செய்கிறார் என்று ஒரு வரி கேட்டால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது ஆய்வகமே சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. போன் ஆப்பில் தொடர்ச்சியாக எத்தனை நாள் படித்தீர்கள் என்று ஓர் எண் வருகிறது. ஒரு நாள் விட்டால் அது கோபித்துக்கொள்கிறது. என் பேரன் ஒருவன் பிரெஞ்சில் 200 நாளைத் தாண்டிவிட்டான். உன் பெயர் என்ன, எங்கே படிக்கிறாய் என்று நான் அந்த மொழியில் கேட்டால் சிரிக்கிறான். நாள் எண்ணிக்கை ஏறுகிற சந்தோஷம் அவனுக்குப் போதும். சின்னப் பையன், விட்டுவிடுவோம்.

ஆனால் அதே போன் வேறு கையில் வேறு மாதிரி வேலை செய்வதையும் பார்க்கிறேன். எங்கள் தெருக்கோடியில் பம்பு உதிரிப்பாகம் செய்யும் சின்ன லேத் பட்டறை. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி நான்கு வருடமாக வேலை செய்கிறார். வந்த புதிதில் ஒரு வார்த்தை தெரியாது. பட்டறை முதலாளி வேலையை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போடுவார். தம்பி அதைப் பத்துத் தடவை கேட்பார். புரியாத இடத்தைத் தன் வாயால் அப்படியே சொல்லித் திருப்பி அனுப்புவார். “அது ‘இறுக்கு’டா கண்ணு, ‘இருக்கு’ இல்ல” என்று பதில் வரும். இறுக்காவிட்டால் பிடிமானம் விட்டுப் போய் விரல் போய்விடும் தொழில். அதனால் அந்தப் பாடம் அவருக்கு ஒருமுறை கேட்டதில் நின்றது. முள்கரண்டிக்காகப் பள்ளிப் பிள்ளைகளிடம் போன அந்தப் பிரெஞ்சுக் குழு இதைப் பார்த்திருந்தால் டேப் ரிக்கார்டரோடு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்.

போன வாரம் ஸ்கூட்டரைப் பட்டறைக்கு முன்னால் நிறுத்தப் போனேன். “ஐயா, லாரி வருதுங்க. வண்டிய அக்கட்டால போட்டுருங்க” என்றார் அந்தத் தம்பி. அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். காரைக்காலிலிருந்து இந்த ஊருக்கு நான் வந்து, காதில் விழுந்த சொல்லைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. எப்படிக் கற்றாய் என்று கேட்டதற்கு, போனில் தமிழ் கற்பிக்கும் ஆப் ஒன்றும் வைத்திருந்தாராம், எடுத்துக் காட்டினார். நான்காவது பாடத்தில் நின்றிருந்தது. பழங்களின் பெயர்கள்.